‘பெக்’, ‘ப்ளீட்’, ‘இம்ப்ளோர்’, ‘பிசீச்’: கெஞ்சுதலின் படிகளை ஆங்கிலத்தில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: முனிர்கா மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். தில்லியில், உச்ச நீதிமன்றத்தில் தாக்கலாகும் வழக்குகளுக்காகத் தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரும் வேலை செய்கிறேன். பட்டா, அடங்கல், கிரயப் பத்திரம், கீழமை நீதிமன்றத் தீர்ப்பு என்று வழக்கமாக வருபவற்றுக்கு நிலைபெற்ற சொற்கள் இருக்கின்றன. அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இப்போது வந்திருப்பது வேறு வகை. தம் வீட்டு மனை தொடர்பாக ஒரு மூதாட்டி, கிராம நிர்வாக அலுவலர் தொடங்கி வட்டாட்சியர், கோட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் வரை பல ஆண்டுகளாகத் தம் கைப்பட எழுதிய கடிதங்கள் அவை.

முதல் கடிதம் ‘நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிகிறது. அடுத்தது ‘பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்’ என்கிறது. கோட்டாட்சியருக்குப் போன கடிதத்தில் ‘கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்’ வருகிறது. ஆட்சியருக்கு எழுதியதில் ‘மன்றாடுகிறேன்’. அதே ஆட்சியருக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் ‘ஐயா அவர்கள் காலில் விழுந்து கேட்கிறேன்’ என்று இருக்கிறது. அந்தக் ‘கேட்கிறேன்’ என்ற சொல்லின்மீது மட்டும் பேனா இரண்டு முறை ஓடி, மை தாளின் மறுபுறம் தெரிகிறது.

கீழமை நீதிமன்றத்தில் யாரோ செய்த மொழிபெயர்ப்பு ஒன்று கோப்பில் இருக்கிறது. அதில் ஐந்து இடத்திலும் ‘ரிக்வெஸ்ட்’ என்ற ஒரே சொல்தான். மூத்த வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டு, “இந்த அம்மாள் படிப்படியாக இறங்கி வந்திருக்கிறார். அது ஆங்கிலத்தில் தெரியவில்லை என்றால் இந்தக் கடிதங்களை இணைப்பதில் பொருளே இல்லை” என்றார்.

ஒருபொருட்பன்மொழி அகராதியைத் திறந்தால் ‘பெக்’, ‘ப்ளீட்’, ‘இம்ப்ளோர்’, ‘பிசீச்’, ‘என்ட்ரீட்’, ‘சப்ளிகேட்’ என்று வரிசையாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பொருளாக மற்றொன்றையே தந்து, சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். இவற்றில் எது மென்மையானது, எது கடுமையானது? ஐந்து தமிழ்த் தொடர்களுக்கும் ஏறுவரிசையில் ஐந்து ஆங்கிலச் சொற்களை ஒதுக்குவது சரியான முறைதானா?

பதில்: ஜனக்புரி ஆசிரியை (பணி ஓய்வு)

வணக்கம். ஏறுவரிசை என்ற எண்ணத்தைத்தான் முதலில் கைவிட வேண்டும் என்று நினைக்கிறேன். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் இருப்பதுபோல இந்தச் சொற்கள் ஒரே கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கவில்லை. கேட்பவர் யார், யாரிடம் கேட்கிறார், எதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார் என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. சிலர் கையில் கண்ணீரைத் தவிர எதுவும் இருக்காது. சிலரிடம் நியாயம் இருக்கும். சிலரிடம் விடாப்பிடி மட்டுமே இருக்கும்.

‘பெக்’ எல்லாவற்றிலும் பொதுவானது. தெருவில் பிச்சை கேட்பதற்கும் அதுவே, உயிர்ப்பிச்சை கேட்பதற்கும் அதுவே. ஆனால் அலுவலகக் கடிதத்தில் இச்சொல்லைக் கையாளும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ‘ஐ பெக் டு ஸ்டேட்’, ‘ஐ பெக் டு டிஃபர்’ என்றெல்லாம் எழுதும்போது எழுதுபவர் கெஞ்சவே இல்லை. அவை வெள்ளைக்காரர் காலத்திலிருந்து தேய்ந்துவந்த வெறும் மரியாதைத் தொடர்கள், இரண்டாவதில் சற்று மிடுக்கும் கூட உண்டு. ‘ஐ பெக் யூ டு’ என்று நடுவே ‘யூ’ வந்து அமர்ந்த உடனே நிலைமை மாறிவிடுகிறது. எதிரில் ஒருவர் இருக்கிறார், அவர் மனம் வைத்தால்தான் காரியம் நடக்கும் என்றாகிவிடுகிறது. ‘கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்’ என்பதற்கு ‘யூ’ சேர்ந்த இந்த வடிவத்தைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. நம்மவர்கள் பலர் ‘பெக்’ என்றால் கௌரவக் குறைவு என்று எண்ணி அதற்குப் பதிலாகப் பெரிய சொல் ஒன்றைத் தேடுகிறார்கள். எளிய சொல்லுக்குத்தான் இங்கே வலிமை அதிகம்.

‘இம்ப்ளோர்’ என்ற சொல்லுக்குள் அழுகை இருக்கிறது. இலத்தீனில் ‘ப்ளோராரே’ என்றால் வாய்விட்டு அழுதல். ‘டிப்ளோர்’ என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். அவசரமும் உணர்ச்சியும் சேர்ந்து வரும் இடத்துக்கு இது பொருந்தும். காலம் கடந்தால் கேட்டும் பயனில்லை என்ற நிலையில் இருப்பவர் பேசும் சொல் இது.

‘பிசீச்’ என்பது ‘சீக்’ என்ற சொல்லோடு உடன்பிறந்தது. இறந்தகாலத்தில் ‘பிசாட்’ என்று மாறுவதைப் பார்த்தால் உறவு தெரியும். இதைப் பணிவின் உச்சம் என்று பலரும் கருதுகிறார்கள், ஆனால் வரலாற்றில் இதன் மிகப் புகழ்பெற்ற பயன்பாடுகளுள் ஒன்று ஒரு படைத்தலைவருடையது. 1650 ஆகஸ்டில், ஸ்காட்லாந்துக்குள் படையோடு நுழைந்திருந்த ஆலிவர் கிராம்வெல், அந்நாட்டுத் திருச்சபையின் பொதுப் பேரவைக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்துவின் பெயரால் உங்களை வேண்டுகிறேன், நீங்கள் தவறாக எண்ணியிருக்கவும் கூடும் என்று நினைத்துப் பாருங்கள் என்று எழுதினார். அங்கே அவர் ஆண்ட சொல் ‘பிசீச்’. அவர்கள் இணங்கவில்லை, அடுத்த மாதமே டன்பார் என்ற இடத்தில் போர் மூண்டு அவர் வென்றார். ஆகவே இச்சொல் கேட்பவரின் தாழ்வைக் காட்டுவதைவிட, கேட்கப்படும் பொருளின் கனத்தையே காட்டுகிறது. வழிபாட்டு நூல்களில் அதிகம் புழங்கியதால் அதன்மீது ஒரு பழமையின் வாசனையும் படிந்துவிட்டது. மனைத் தகராறில் இதை நான் சேர்க்கமாட்டேன்.

‘என்ட்ரீட்’ இன்னும் சுவையானது. அதற்குள் இருப்பது ‘ட்ரீட்’. ஒருவரோடு ஒரு விஷயம் குறித்துப் பேசி நடத்துதல் என்பதே தொடக்கப் பொருள். உடன்படிக்கையைக் குறிக்கும் ‘ட்ரீட்டி’யும் அந்தக் குடும்பம்தான். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், தன்னை விட்டுப் போய்விடும்படி சொல்லும் மாமியார் நகோமியிடம் ரூத், அவ்வாறு என்னை ‘என்ட்ரீட்’ செய்யாதீர் என்கிறாள். தமிழ் விவிலியத்தின் பழைய பெயர்ப்பில் அந்த இடம் ‘என்னோடே பேசவேண்டாம்’ என்று வருகிறது. எவ்வளவு பொருத்தம் பாருங்கள். அங்கே கேட்பவர் மூத்தவர், கேட்கப்படுபவர் மருமகள். நயந்து பேசி மனத்தை மாற்றப் பார்ப்பதுதான் ‘என்ட்ரீட்’. அதற்கு மேலவர் கீழவர் என்ற வேறுபாடு தடையில்லை.

‘சப்ளிகேட்’ மண்டியிடுதலிலிருந்து வருவது. வளைந்து கொடுப்பதைக் குறிக்கும் ‘சப்பிள்’ என்ற சொல்லும் அதன் உறவே. வினைச்சொல்லாக இன்று யாரும் எழுதுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தங்கள் அகராதிப் பட்டியலில் இல்லை என்றாலும். ‘இம்போர்ச்சூன்’ என்று ஒரு சொல் உண்டு. ஓயாமல் கேட்டு உயிரை எடுத்தல் என்று பொருள். இதைக் கேட்பவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள மாட்டார். கேட்கப்பட்டவர்தான் எரிச்சலோடு சொல்வார். தமிழிலும் ‘நச்சரிக்கிறேன்’ என்று எவரும் விண்ணப்பத்தில் எழுதுவதில்லை அல்லவா? அந்தக் கடிதங்களுக்கு அலுவலகம் எழுதிய குறிப்பு எதுவும் கோப்பில் இருந்தால், இச்சொல் அங்கே தேவைப்படலாம்.

பதில்: சாகேத் வழக்கறிஞர்

ஆசிரியை அவர்கள் சொன்னவை நன்று. நடைமுறையில் கவனிக்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

‘ப்ளீட்’ என்ற சொல்லில் எச்சரிக்கை தேவை. எங்கள் தொழிலில் அது கெஞ்சுவதல்ல. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ‘ப்ளீடிங்’ என்றால் வழக்குரையும் எதிர்வழக்குரையும்தான். ‘ப்ளீடர்’ என்றால் பிறருக்காக மன்றத்தில் வாதாட உரிமை பெற்றவர். நம் தாத்தாக்கள் வக்கீலைப் ‘பிளீடர்’ என்று சொன்னதைப் பலர் கேட்டிருப்பீர்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் மறுப்பதற்கும் அதே வினைதான். உடல்நலக் குறைவையோ அறியாமையையோ காரணமாகக் காட்டுவதும் ‘ப்ளீட்’தான், அங்கே சாக்குப்போக்கு என்ற சாயலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இந்தச் சொல்லை எழுதினால் ‘ஐ ப்ளீட் வித் யூ’ என்று ‘வித்’ சேர்த்தே எழுதுங்கள். ‘வித்’ விடுபட்டால் இலக்கணமும் பிழை, பொருளும் வழக்காடலின் பக்கம் சாய்ந்துவிடும். இந்தப் பிழையை நாள்தோறும் மனுக்களில் பார்க்கிறேன்.

‘பிரே’ என்பதைத் தொடவே வேண்டாம். எங்கள் மனுக்களின் இறுதிப் பகுதிக்கே ‘பிரேயர்’ என்று பெயர். என்ன பரிகாரம் வேண்டும் என்பதை அதில்தான் எழுதுவோம். இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகள் இந்தியில் எழுதும் விடுப்புக் கடிதத்துக்கும் ‘பிரார்த்தனா பத்ர’ என்றுதான் பெயர். அதில் பிரார்த்தனையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அந்த அம்மாளின் கடிதத்தில் அச்சொல் வந்தால், யாரோ வக்கீல் எழுதிக்கொடுத்தார் என்று எதிர்த்தரப்பு கிளம்பிவிடும்.

‘சொலிசிட்’ என்பதையும் விலக்குங்கள். பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் 1959, பொது இடத்தில் பிச்சை கேட்பதை வரையறுக்கும்போது ஆண்டது இந்தச் சொல்லைத்தான். 1960இல் அது தில்லிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய அதன் பிரிவுகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018இல் செல்லாதவை என்று அறிவித்தது. ஒருபுறம் அந்தச் சொல் இப்படி. மறுபுறம் அரசின் ‘சொலிசிட்டர் ஜெனரல்’ இருக்கிறார். இரண்டு நினைவும் நமக்கு உதவாது.

பதில்: மயூர் விஹார் துணையாசிரியர்

ஆங்கில நாளிதழ் ஒன்றில் செய்தி திருத்தும் வேலையில் இருக்கிறேன். வேர்ச்சொல் விளக்கம் சுவையாக இருக்கிறது, ஆனால் அதை வைத்து இன்றைய சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

‘இம்ப்ளோர்’ என்பதற்குள் அழுகை இருக்கிறது என்று ஆசிரியை சொல்கிறார். கொரோனா காலத்தில், முகக்கவசம் அணியுமாறு மக்களை மருத்துவ அதிகாரிகள் ‘இம்ப்ளோர்’ செய்ததாக உலகெங்கும் செய்திகள் வந்தன. அவர்களில் யாரும் அழவில்லை. மேடையில் ஒலிபெருக்கிக்கு முன் நின்று, முழு அதிகாரத்தோடு பேசினார்கள். இன்றைய செய்தித்தாள் வழக்கில் அச்சொல் ‘அர்ஜ்’ என்பதைவிட ஒரு படி கூடுதலான வற்புறுத்தல், அவ்வளவுதான். ‘அர்ஜ்’ என்பது சமநிலையிலிருந்தோ மேலிருந்தோ தள்ளுவது. ‘இம்ப்ளோர்’ அந்தத் தள்ளலோடு கவலையையும் சேர்க்கிறது. கீழிருந்து கேட்பவர் மட்டுமே ஆளும் சொல்லாக அது இப்போது இல்லை.

வேரை நம்பிப் போனால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு: ‘பிரிகேரியஸ்’ என்ற சொல் ‘பிரே’ என்பதன் நெருங்கிய உறவு. ரோமானியச் சட்டத்தில், கேட்டுப் பெற்றதும் கொடுத்தவர் விரும்பினால் எப்போதும் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடியதுமான அனுபவ உரிமைக்கு அந்தப் பெயர். அதிலிருந்துதான் நிலையற்றது என்ற பொருள் வந்தது. இன்று ஏணி ஆடுகிறது என்று எழுதும்போது யாராவது வேண்டுதலை நினைக்கிறார்களா? (அந்த அம்மாளின் மனைக்கு அந்த ரோமானியப் பொருள் பொருந்திவிடுமோ என்பது வேறு கவலை.)

என் பரிந்துரை: சொல்லுக்கு அருகில் இன்று எவை வந்து உட்காருகின்றன என்று பாருங்கள். ‘ப்ளீட்’ அருகே ‘கேஸ்’, ‘மெர்சி’, ‘ஹெல்ப்’ வருகின்றன. ‘பெக்’ அருகே ‘ஃபர்கிவ்னஸ்’ வருகிறது. ‘என்ட்ரீட்’ அருகே வருபவை எல்லாம் பழைய புதினங்களின் வாசகங்கள். அந்த வரிசையில் முதல் இரண்டு மட்டுமே உயிரோடு இருக்கும் சொற்கள். மற்றவற்றை ஒரு நீதிபதி படித்தால் மூதாட்டியின் குரல் கேட்காது, மொழிபெயர்ப்பாளரின் புலமைதான் கேட்கும். இன்னொரு குறிப்பு, வேடிக்கைக்காக: ‘ப்ளீட்’ என்பதைத் தமிழெழுத்தில் எழுதினால் இரத்தம் வடிவதாகவும் படிக்கலாம், இந்த உரையாடலில் அது எந்தப் பொருளில் வருகிறது என்று நான் ஒருமுறை நின்றுதான் படித்தேன்.

பதில்: ஆர்.கே.புரம் வாசகர்

மூவருமே ஆங்கிலப் பக்கத்தில் நின்று பேசுகிறீர்கள். தமிழ்ப் பக்கத்தில் அந்த ஐந்து தொடர்களும் உண்மையிலேயே இறங்குவரிசையில்தான் இருக்கின்றனவா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்கும் சொல்லைக் கேட்பவரின் நிலையை வைத்துப் பிரிப்பது நமக்குப் புதிதன்று. ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ ஆகிய மூன்றையும் இரத்தலுக்குரிய சொற்களாகக் கூறும் தொல்காப்பியம், ‘ஈ’ என்பது இழிந்தோன் கூற்று, ‘தா’ என்பது ஒப்போன் கூற்று, ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கூற்று என்று வகுத்துவிட்டது. மூன்றும் கேட்பதுதான், கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் மாறுகிறது. ஆசிரியை அவர்கள் ஆங்கிலச் சொற்களைப் பற்றிச் சொன்ன முதல் கருத்தும் இதுவே.

இப்போது ‘மன்றாடு’ என்பதைப் பாருங்கள். மன்றம் உள்ளே இருக்கிறது. பலர் கூடிய அவையில் தன் வழக்கை எடுத்துச் சொல்வது என்ற பொருள் அதற்கு உண்டு. விடாமல் வேண்டுதல் என்ற பொருளும் உண்டு. வழக்கறிஞர் ஐயா எச்சரித்த ‘ப்ளீட்’ என்பதும் வழக்கு மன்றத்திலிருந்து வந்து வேண்டுதலாக மாறிய சொல்தான். இரண்டு மொழிகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், ஒரே வழியில் நடந்திருக்கின்றன. அப்படியானால் ‘கெஞ்சுகிறேன்’ என்பதற்குப் பின் ‘மன்றாடுகிறேன்’ என்று எழுதியவர் இன்னும் ஒரு படி கீழே இறங்கினார் என்று சொல்ல முடியுமா? கெஞ்சுபவரிடம் நியாயம் இருக்க வேண்டிய தேவை இல்லை. தவறு செய்த சிறுவனும் கெஞ்சலாம். மன்றாடுபவர் தம்மிடம் ஒரு வழக்கு இருக்கிறது என்கிறார். என் கருத்தில் அந்த அம்மாள் ஆட்சியரிடம் போனபோது தலையை நிமிர்த்தியிருக்கிறார்.

‘இறைஞ்சு’ என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது. வளைதல், தலை தாழ்த்துதல் என்ற பொருளிலிருந்து வணங்கி வேண்டுதலாக வந்தது. ‘சப்ளிகேட்’ போன பாதையும் அதுதான். இன்று பக்திப் பாடலுக்கு வெளியே அதையும் யாரும் எழுதுவதில்லை.

துணையாசிரியர் அவர்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: அந்த அம்மாள் மன்றத்தை நினைத்தா எழுதினார்? நினைத்திருக்க மாட்டார். அதற்கு விடை வேரில் இல்லை, கடிதத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அவர்கள் ஒன்று செய்யலாம். ‘கெஞ்சி’ வரும் கடிதத்தையும் ‘மன்றாடுகிறேன்’ வரும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த வரிக்கு முன்னால் அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள்.

முனிர்கா மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் மிக்க நன்றி. ஆர்.கே.புரம் ஐயா சொன்னபடி இரண்டையும் எடுத்து வைத்துப் படித்தேன்.

கோட்டாட்சியருக்குப் போன கடிதம் ஒன்றரைப் பக்கம். ஐப்பசி மழையில் பின்சுவர் விழுந்தது, பேரப்பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருப்பது, இருட்டில் பாம்பு பயம் என்று நிலைமையைத்தான் சொல்கிறது. மனை யாருடையது என்ற பேச்சே அதில் இல்லை. அதன் முடிவில்தான் ‘கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்’.

ஆட்சியருக்கு எழுதியது நான்கு பக்கம். புல எண், உட்பிரிவு எண், கணவர் பெயரில் பட்டா மாறிய ஆண்டு, வீட்டு வரி ரசீதுகளின் விவரம், எல்லை அளந்தபோது யார் யார் உடன் இருந்தார்கள் என்பது எல்லாம் இருக்கின்றன. ‘இவ்வளவு ஆதாரங்கள் இருந்தும்’ என்று தொடங்கும் வாக்கியம்தான் ‘மன்றாடுகிறேன்’ என்று முடிகிறது. துணையாசிரியர் சொன்ன அளவுகோலின்படி பார்த்தாலும், வேரை வைத்துப் பார்த்தாலும் இங்கே ‘ப்ளீட் வித்’ என்பதே சரியாக வருகிறது.

என் வரைவு இது. முதல் கடிதத்துக்கு ‘ஆஸ்க்’. மூலத்தில் ‘கேட்டு’ என்று இருப்பதால் ‘ரிக்வெஸ்ட்’ என்பதை அங்கிருந்து எடுத்துவிட்டேன். இரண்டாவதற்கு ‘ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்’. மூன்றாவதற்கு ‘ஐ பெக் யூ டு’. நான்காவதற்கு ‘ஐ ப்ளீட் வித் யூ டு’. ஐந்தாவதில்தான் முடிவு எடுக்க இயலவில்லை. ‘காலில் விழுந்து’ என்பதை ‘இம்ப்ளோர்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடலாமா, அல்லது உள்ளபடியே பெயர்க்கலாமா? ஆங்கிலத்தில் அது நாடகத் தன்மையாகத் தோன்றுமோ என்று தயங்குகிறேன்.

பதில்: ஜனக்புரி ஆசிரியை (பணி ஓய்வு)

இரண்டாவதில் எனக்குச் சிறு மாற்றுக் கருத்து. ‘வேண்டிக்கொள்கிறேன்’ கோயிலிலும் சொல்கிறோம், வட்டாட்சியரிடமும் சொல்கிறோம். இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் காட்ட முடியாது. ஆகவே ‘ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்’ போதும் என்று ஒப்புக்கொள்கிறேன், முழு மனநிறைவு இல்லாவிட்டாலும்.

துணையாசிரியருக்கு: மருத்துவ அதிகாரிகள் பற்றிச் சொன்னது உண்மை. ஆனாலும் அவர்கள் ‘பெக்’ என்று சொல்லாமல் ‘இம்ப்ளோர்’ என்று சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். தன் மதிப்பை இழக்காமல், ஆனால் மனம் பதறிக் கேட்கிறேன் என்று காட்ட அந்தச் சொல் இன்றும் உதவுகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே ஐந்தாவது கடிதத்துக்கு அது பொருந்தாது. காலில் விழுபவர் மதிப்பைக் கணக்குப் பார்ப்பதில்லை.

உள்ளபடியே பெயருங்கள். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முன் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்துக்கு வறண்ட ஒரு மறுமொழி வந்தபோது, மண்டியிட்டு ரொட்டி கேட்டேன், கல்தான் கிடைத்தது என்று ஆங்கிலத்திலேயே சொன்னார். ‘சப்ளிகேட்’ என்று எழுதவில்லை. முழங்கால் என்ற சொல் அங்கே இருந்ததால்தான் அந்த வாக்கியம் இன்றும் நினைவில் நிற்கிறது. உடல் செய்வதை உடலாகவே சொல்லிவிட்டால் ஆங்கிலமும் தாங்கும்.

வினையை மட்டும் மாற்றாதீர்கள். ‘காலில் விழுந்து கெஞ்சுகிறேன்’ என்று எழுதுவதுதான் வழக்கம். அவர் ‘கேட்கிறேன்’ என்று எழுதி, அதன்மீது மறுபடியும் எழுதியிருக்கிறார். ஆகையால் ‘ஐ ஃபால் அட் யுவர் ஃபீட் அண்ட் ஆஸ்க்’. முதல் கடிதத்தில் தாங்கள் வைத்த அதே ‘ஆஸ்க்’ இங்கேயும் இருக்கட்டும்.

பதில்: சாகேத் வழக்கறிஞர்

ஆசிரியை சொல்வதை ஏற்கிறேன். காலில் விழுதல் என்றால் என்ன என்று இந்த நாட்டின் எந்த நீதிபதிக்கும் விளக்க வேண்டியதில்லை. பேனா இரண்டு முறை ஓடியதை மட்டும் தடித்த எழுத்திலோ அடிக்கோடிட்டோ காட்ட முயல வேண்டாம். அது மொழிபெயர்ப்பு அல்ல, கருத்துரை ஆகிவிடும். மூலத்தின் ஒளிநகல் இணைப்பில் இருக்கும். அது தெளிவாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சொற்களின் வேறுபாடு குறித்து அடிக்குறிப்பும் வேண்டாம். உண்மையான, சரியான பெயர்ப்பு என்று தாங்கள் உறுதியளிக்கும் பக்கத்தில் விளக்கம் எழுதினால், அந்த விளக்கத்தைப் பற்றியே அரைமணி நேரம் வாதம் நடக்கும். ஆனால் மனுவின் முன்னால் வரும் தேதிவாரி நிகழ்வுப் பட்டியலில் ஒவ்வொரு கடிதத்தின் தேதிக்கு எதிரேயும் ‘கடிதம் எழுதினார்’ என்று மட்டும் போடாமல், அந்தந்தக் கடிதத்தின் முடிவு வரியை அப்படியே மேற்கோளாகப் போடச் சொல்லுங்கள். ஐந்து வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். நான்காவதற்கு எதிரே இணைக்கப்பட்ட ரசீதுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துவிடச் சொல்லுங்கள். மூத்த வழக்கறிஞர் அதைத்தான் வாசிப்பார்.